ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்பு?

தனியாகச் சாப்பிடப்போகிற யாருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். 'எனக்கு மட்டும்தானே, இதுக்குப் போய் எதுக்கு அடுப்பைப் பத்தவைக்கணும்?' விருந்தாளி வருகிறார் என்றால் அலுப்பு போன இடம் தெரியாது. நாலு பாத்திரம் கூடுதலாக விழுந்தாலும் கை சளைக்காது. சாப்பிடப்போவது தான் மட்டும் என்றால் அதே கை பிஸ்கெட் பாக்கெட்டைத் தேடும். ஃபிரிட்ஜைத் திறந்து, அதன் வெளிச்சத்திலேயே நின்றபடி ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொள்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

பசிக்கு எதையாவது போட்டுக்கொள்வதில் தப்பில்லை. பசி ருசி அறியாது, கிடைத்தது இறங்கும். எனக்கு உறுத்துவது அதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு. இன்னொருவருக்காக என்றால் ஒரு மணி நேரம் தகும், எனக்காக என்றால் கால் மணி நேரம்கூடத் தகாது என்று யார் விதித்தது? யாரும் நம்மை உட்காரவைத்து இதைச் சொல்லித்தரவில்லை. எப்படியோ தொற்றிக்கொண்டுவிட்டது. தன்னைத்தானே கவனித்துக்கொள்வது என்றதும் மசாஜ், வாசனை மெழுகுவத்தி, ஒருநாள் விடுப்பு என்று அடுக்குகிறார்கள். இருக்கட்டும், எனக்கும் மசாஜ் பிடிக்கும். ஆனால் தினமும் வயிறு கேட்கிற ஒன்றை, தான் மட்டும் என்பதற்காகத் தள்ளிப்போட்டுவிட்டு மெழுகுவத்தி ஏற்றுவதில் என்ன அர்த்தம் என்றுதான் தெரியவில்லை.

சமைப்பது மனசுக்கு எப்படி இதமாகிறது என்று கேட்டால் நான் வெங்காயத்தைத்தான் காட்டுவேன். ஏனென்றால் வெங்காயத்தை அவசரப்படுத்த முடியாது.

முதலில் அது அழவைக்கும். கத்தி இறங்கி வெங்காயத்தின் செல்கள் உடைந்ததும், அதுவரை தனித்தனியாக இருந்த நொதிகளும் கந்தகச் சேர்மங்களும் கலந்து கண்ணைக் கரிக்கும் வாயுவைக் கிளப்புகின்றன. அந்த வாயுவை உண்டாக்குவதற்கென்றே ஒரு தனி நொதி இருக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னது 2002இல்தான். சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தருகிற இக் நோபெல் பரிசு 2013இல் அதற்குக் கிடைத்தது. மழுங்கிய கத்தி செல்களை நசுக்கும், கரிப்பு கூடும். தீட்டிய கத்தி சுத்தமாக வெட்டும், கரிப்பு குறையும். கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் குளிரில் நொதியின் வேகமும் மட்டுப்படும். அழ நினைத்தும் அழ முடியாமல் போன நாட்களில் மட்டும் நான் ஃபிரிட்ஜில் வைப்பதில்லை. அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

அப்புறம் வாணலி. வெங்காயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தண்ணீர் இருக்கிறவரை வாணலியில் இருப்பது 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி அதிகம் சூடாகாது. வெங்காயத்துக்கு அந்தப் பொன்னிறத்தையும் வாசனையையும் தருகிற ரசாயன மாற்றமோ சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கும். பிரான்ஸைச் சேர்ந்த லூயி கமில் மயார் 1912இல் அதை விவரித்தார். அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புது மணங்களை உண்டாக்குவதுதான் அது. ஆக, முதலில் தண்ணீர் போக வேண்டும். தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு பச்சையாகவே நிற்கும். சிம்மில் வைத்துக் கிளறுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த நேரத்தில் காது கூர்மையாகிவிடும். வெங்காயம் போட்டவுடன் எழுகிற சத்தம் ஈரத்தின் சத்தம். பெரிதாக, ஓயாமல் இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அது இறங்கி, விட்டுவிட்டு மெல்லப் பொரிகிற சத்தமாக மாறும். அதுவரை வெள்ளையாக விறைத்து நின்றவை கண்ணாடிபோல் ஆகித் துவண்டு கரண்டிக்கு வளைந்துகொடுக்கும். வாணலியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டும். ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டினால் அந்தப் படலம் கரைந்து வெங்காயத்தின்மேலேயே ஏறிக்கொள்ளும். 'பத்தே நிமிஷத்தில் பொன்னிறமாக வதக்கவும்' என்று எழுதுகிறவர்கள் எந்த அடுப்பில் சமைக்கிறார்களோ தெரியவில்லை. நன்றாகச் சிவக்க முக்கால் மணி நேரம்கூட ஆகும். கையில் எண்ணெய் இருக்கிறது, ஃபோனைத் தொட முடியாது. கண்ணும் காதும் மூக்கும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். கவலை ஒன்றும் ஓடிவிடாது, பக்கத்திலேயே நிற்கும். பேசுவதற்குத்தான் அதற்கு இடம் கிடைக்காது.

வாசனைக்கு மூளையில் தனி வழி இருக்கிறது. பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்கிற நடுப்பகுதியைக் கடந்து போக வேண்டியிருக்க, வாசனை அங்கே நிற்காமலே உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளை எட்டிவிடும். ஒரு வாசனை எட்டியதும், என்ன ஏதென்று புரிவதற்கு முன்னாலேயே மனசு லேசாகிற அனுபவம் எல்லாருக்கும் உண்டு. வயிறும் அதே நேரத்தில் தயாராகிறது. உணவு நாக்கைத் தொடுவதற்கு முன்பே எச்சிலும் இரைப்பைச் சாறும் சுரக்கத் தொடங்குவதை நாய்களிடம் ஆராய்ந்து காட்டியவர் ரஷ்யாவின் பாவ்லோவ். மணியடித்ததும் எச்சில் ஊறிய நாயை வைத்துத்தான் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். 1904இல் நோபெல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்கு. சமைக்கிறவருக்குச் சாப்பாடு தட்டில் விழும்போது ஆரம்பிப்பதில்லை, வாணலி சூடாகும்போதே ஆரம்பித்துவிடுகிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. மணிக்கணக்கில் சமைத்தவருக்குச் சாப்பிட உட்காரும்போது பசியே இருக்காது. ஒரே வாசனையை நீண்ட நேரம் முகர்ந்துகொண்டிருந்தால் அந்தப் பண்டத்தின்மேல் இருந்த ஆசை வடிந்துவிடுகிறது. சமைத்து முடித்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு, முகம் கழுவி, வேறு அறையில் சும்மா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தால் பசி திரும்பி வரும். பிறருக்காகச் சமைக்கும்போது இந்த இடைவேளை கிடைக்காது, பரிமாற வேண்டியிருக்கும். தனக்காகச் சமைக்கும்போது தாராளமாகக் கிடைக்கும். பெரும்பாலும் யாரும் எடுத்துக்கொள்வதில்லை என்பது வேறு கதை.

பிறருக்காகச் சமைப்பதைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடர்ந்தால் அது ஏமாற்று வேலை. தினம் மூன்று வேளை, ஒருவருக்குக் காரம் ஆகாது, ஒருவருக்குக் காய் ஆகாது, நேரத்துக்கு மேசைக்கு வந்தாக வேண்டும் என்று ஓடுகிறவரிடம் போய் 'சமையல் மனசுக்கு நல்லது' என்றால் கரண்டியாலேயே அடிப்பார். அடிக்கட்டும், நியாயம்தான். அது வேலை. சம்பளமும் விடுப்பும் இல்லாத வேலை. அந்தப் பாரத்தைக் குறைக்க எத்தனையோ முயற்சி நடந்திருக்கிறது. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் ஃப்ராங்ஃபர்ட் நகரத்தின் புதுக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வரைந்தார். எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்று கணக்குப்போட்டு, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி அமைத்தார். அதுபோல ஏறக்குறைய 10,000 சமையலறைகள் கட்டப்பட்டன. இன்றைய நவீன சமையலறைக்கு அதுதான் முன்னோடி. நடை குறைந்தது உண்மை. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க அதில் இடமில்லை, சமைக்கிறவர் வீட்டாரிடமிருந்து தனித்துப்போனார் என்று பிற்பாடு அதைக் குறை சொன்னவர்களும் உண்டு. யார் சமைப்பது, யார் கழுவுவது என்பதையெல்லாம் எந்த வரைபடமும் தீர்த்துவைக்காது. அதை வீட்டில் உள்ளவர்கள் வாயைத் திறந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

அதனால் எனக்கு ஒரு வரையறை இருக்கிறது. வேண்டாம் என்று நினைத்தால் விட்டுவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை என்கிற நிலையில் சமைப்பதுதான் தனக்குத்தானே செய்துகொள்கிற உபசாரம். விட முடியாத சமையலுக்கு இந்தப் பெயரைச் சூட்டி அழகாக்குவது, செய்கிறவரை இன்னொரு முறை ஏய்ப்பது.

பல வருஷமாக மற்றவர்களுக்குச் சமைத்துப்போட்டவர் ஒருவரிடம் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். 'பெரியவனுக்கு இது பிடிக்கும், அவருக்கு அது பிடிக்கும், எனக்கென்ன, எதுன்னாலும் சரிதான்' என்பார். அடக்கத்துக்காகச் சொல்வதில்லை. நிஜமாகவே தெரியாது. யோசித்துப் பார்க்க வாய்ப்பே வந்திருக்காது. இதுவரை மெஸ்ஸிலும் கடையிலும் சாப்பிட்டே காலம் தள்ளியவர்களுக்கும் இதே நிலைதான். அவர்களுடைய நாக்கைப் பழக்கியது வேறு யாரோ. தனக்கென்று சமைக்கத் தொடங்கும்போது முதலில் நடப்பது இந்த அறிமுகம்தான். எனக்கு மிளகு இவ்வளவு பிடிக்கும் என்பது நானாகச் சமைக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. சோறு கொஞ்சம் குழைந்தால்தான் பிடிக்கும் என்பதும். உதிரி உதிரியாக இருந்தால்தான் நல்ல சோறு என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அது அவர்களுடைய சோறு.

உப்பு போதுமா என்று நாள் முழுக்க நம்மை யாரும் கேட்பதில்லை. அடுப்படியில் நிமிஷத்துக்கொரு தடவை நாமே நம்மைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, இன்னும் ஒரு சிட்டிகை, இன்னும் கொஞ்சம் புளிப்பு, இப்போது சரி. கசப்பாக இருக்கிற கீரையில் சர்க்கரை போட வேண்டியதில்லை. ஒரு சிட்டிகை உப்பே கசப்பை அடக்கிவிடும், அடங்கியதும் உள்ளே இருந்த இனிப்பு தலைகாட்டும். கைப்பக்குவம், கண்திட்டம் என்று பெரியவர்கள் சொல்வதெல்லாம் இப்படிக் கேட்டுக் கேட்டுச் சேர்ந்ததுதான். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட் உணவில் எவ்வளவு உப்பு போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. சொந்தச் சமையலில் அது விரல் நுனியிலேயே இருக்கிறது.

பாக்கெட் உணவு என்றதும் ஒரு ஆய்வு நினைவுக்கு வருகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, வேண்டுமட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் ஆளுக்குத் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது; எடையும் ஏறக்குறைய ஒரு கிலோ கூடியது. 2019இல் வெளியான முடிவு இது. சிறிய ஆய்வுதான், ஆனால் கச்சிதமாகச் செய்தது. இருந்தாலும் இதைச் சொல்லி என்னையோ உங்களையோ மிரட்ட எனக்கு விருப்பமில்லை. தட்டைப் பார்த்ததும் கலோரி எண்ணுகிறவருக்குச் சமையலும் இன்னொரு பரீட்சை ஆகிவிடும். பரீட்சை எழுதிக் களைத்துத்தானே வீட்டுக்கு வந்தோம்.

சரி, எதையும் செய்ய முடியாத நாட்கள் வரும். படுக்கையை விட்டு எழுவதே பெரிய காரியமாக இருக்கும். அன்றைக்கு முக்கால் மணி நேரம் வெங்காயம் கிளறு என்று யாராவது சொன்னால் கொலைவெறி வரும். அந்த நாளுக்கு ஒரு முட்டை போதும். தண்ணீர் கொதித்த பிறகு முட்டையை மெல்ல இறக்கினால் பின்னால் ஓடு சுலபமாக உரியும். பச்சைத் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்கவைத்தால் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும். வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும், மஞ்சள் கெட்டியாக இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும். ஏழு நிமிஷத்தில் எடுத்தால் நடுவில் மஞ்சள் குழைவாக நிற்கும். உப்பு, மிளகு. அவ்வளவுதான், சமைத்தாகிவிட்டது. பக்கவாதத்திலிருந்தோ மனநோயிலிருந்தோ மீண்டுவருகிறவர்களைத் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் சமையலறைக்கு அழைத்துப்போய், சூடாகக் குடிக்க ஏதாவது போடச் சொல்வது வழக்கம். தண்ணீர் எடுப்பது, அடுப்பைப் பற்றவைப்பது, கொதிக்கிறவரை காத்திருப்பது, மறக்காமல் அணைப்பது என்று அந்தச் சின்ன வேலைக்குள் நினைவு, வரிசை, கை நிதானம், ஆபத்தை உணர்வது எல்லாமே அடங்கியிருக்கின்றன. மனச்சோர்வுக்குத் தருகிற சிகிச்சைகளில் ஒன்றும் ஏறக்குறைய இதே வழியில் போகிறது: உற்சாகம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று உட்காராமல், சின்னதாக ஒன்றைச் செய்து வைப்பது; உற்சாகம் பின்னால் வரும். வாரக்கணக்கில் அது வராமலே இருந்தால் முட்டை போதாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

முடியாத நாளைக் காப்பாற்றுவது பெரும்பாலும் முடிந்த நாள்தான். இன்றைக்குத் தெம்பு இருக்கிறதா, சோறோ பயறோ இரண்டு பங்காக வேகவைத்து ஒரு பங்கை எடுத்துவைத்துவிடலாம். இதில் ஒரு கவனம் வேண்டும். அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். அவை கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெளியிலேயே கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. ஆகவே சோற்றை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் கீழே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். எடுக்கும்போது ஆவி பறக்கச் சுடவைக்க வேண்டும். டப்பாவின்மேல் தேதியும் எழுதி ஒட்டினால் நல்லது. சோர்ந்துபோய் வந்து ஃபிரிட்ஜைத் திறக்கிற சாயங்காலத்தில், தன் கையெழுத்தைத் தானே பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. முந்தாநாள் யாரோ நம்மை நினைத்திருக்கிறார்கள், அந்த யாரோ நாம்தான்.

பாத்திரம் கழுவுவதைப் பற்றி இதமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வெங்காயம் வதங்குகிற நேரத்தில் மற்றதைக் கழுவிவைத்தால் கடைசியில் ஒரு வாணலியும் ஒரு தட்டும்தான் மிஞ்சும், அவ்வளவே.

வாங்கிச் சாப்பிடுகிற நாட்களுக்காக நான் வருத்தப்படுவதும் இல்லை. முடியவில்லை என்று தெரிந்து வாங்கினால் அதுவும் தன்னைப் பார்த்துக்கொள்வதில் சேர்ந்ததுதான். வாங்கியதையும் தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் தடுக்கவில்லை.

இப்படித் தனக்காகவே சமைத்துப் பழகிய பிறகு, வருகிறவர்களுக்குச் சமைக்கும் விதமும் மாறிவிடுகிறது. முன்பெல்லாம் யாராவது சாப்பிட வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு எது பிடிக்கும் என்று விசாரித்து விசாரித்தே பாதி உயிர் போய்விடும். இப்போது எதெது ஆகாது, எது ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் கேட்டுவைத்துக்கொண்டு, மிச்சத்தை என் இஷ்டத்துக்குச் செய்கிறேன். போன முறை வந்த நண்பர் முதல் வாய் வைத்ததுமே நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, மிளகு ரொம்பத் தூக்கலா இருக்கே?"

"ஆமா. எனக்கு அப்படித்தான் பிடிக்கும்."

ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினார்.